மன்னர் ஏன் கையேந்தினார்?

மகளுக்கு வரலாற்றுப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது வந்த சந்தேகத்தை அப்படியே எழுதியிருக்கிறீர்கள்: “1215-ல் மாக்னா கார்ட்டாவில் கையெழுத்திட்டு இங்கிலாந்து மன்னர் தம் அதிகாரத்தை நாடாளுமன்றத்தோடு பகிர்ந்துகொண்டார் என்று நோட்ஸில் இருக்கிறது. அப்படியானால் 1649-ல் இன்னொரு மன்னரின் தலையை எதற்கு வெட்டினார்கள்? படையும் சிறையும் தன் கையில் இருக்கிற ஒருவர் எதற்காக இன்னொருவருக்கு இடம் கொடுக்கிறார்?” இதில் முன்பாதி தேதிக் குழப்பம். அதைத் தீர்ப்பது எளிது. பின்பாதியைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள், பலரும் அதைக் கேட்பதில்லை. மன்னர்கள் மனம் திருந்தினார்கள் என்றோ மக்கள் பொங்கி எழுந்தார்கள் என்றோ ஒரு வரியில் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம்.

நான் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இங்கிலாந்தின் அரசமைப்பு வரலாறு நெடுங்காலம் என்னிடம் இருந்த தாள். லத்தீன் மூலங்களை நேரடியாகப் படித்தவன் அல்லன், ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தவன்தான். ஆய்வாளர்கள் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே சண்டை போடுகிறார்கள் என்று சொல்ல முடியும். அந்தச் சண்டைகளுக்குத் தீர்ப்பு வழங்கும் தகுதி எனக்கில்லை.

சுருக்கமான விடை, பணம். மன்னருக்குச் சொந்த நிலங்கள் இருந்தன, சுங்கம் வந்தது, அபராதங்கள் வந்தன. சமாதான காலத்தில் அதை வைத்து அரண்மனையை ஓட்டலாம். போர் வந்துவிட்டால் அது போதாது. படை அவர் கையில் இருந்ததே என்கிறீர்கள். அங்கே ஒரு திருத்தம் வேண்டும். 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இங்கிலாந்து மன்னரிடம் மாதச் சம்பளம் வாங்கும் நிரந்தரப் பெரும்படை கிடையாது. ஊர் ஊராகப் போய் வரி தண்டச் சம்பள அதிகாரிகளும் பெரிதாகக் கிடையாது. மாவட்டங்களின் நிர்வாகம் உள்ளூர் நிலக்கிழார்கள் கையில் இருந்தது, அதுவும் பெரும்பாலும் ஊதியம் இல்லாமல். அவர்கள் ஒத்துழைத்தால் வரி வரும், முகத்தைத் திருப்பிக்கொண்டால் வராது. வாளைக் காட்டி ஓர் ஊரில் ஒருமுறை வாங்கலாம். நாடு முழுவதும் ஆண்டுதோறும் அப்படி வாங்க முடியாது.

இப்போது 1215-க்கு வருவோம். ஜான் மன்னர் 1204-ல் நார்மண்டியைப் பிரெஞ்சு மன்னரிடம் இழந்தார். அதை மீட்கப் பத்தாண்டுகள் வரிமேல் வரி போட்டார். 1214-ல் பூவீன் போர்க்களத்தில் அவருடைய கூட்டாளிகள் தோற்றதும் அவ்வளவு பணமும் ஆற்றில் கரைத்த புளியாயிற்று. கொதித்துப்போன பெருநிலப் பிரபுக்கள் லண்டனைப் பிடித்துக்கொண்டு, தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் புல்வெளியில் அவரிடம் ஒரு சாசனம் வாங்கினார்கள். அதில் அவர் கையெழுத்துப் போடவில்லை, அக்கால வழக்கப்படி முத்திரைதான் வைக்கப்பட்டது. நோட்ஸை அந்த இடத்தில் திருத்திக்கொள்ளுங்கள். நாட்டின் பொது ஆலோசனை இல்லாமல் சில வகை வரிகளைப் போடக்கூடாது என்றது 12-ஆம் பிரிவு. அந்த ஆலோசனைக்கு யாரை அழைப்பது என்று 14-ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது: பேராயர்கள், ஆயர்கள், பிரபுக்கள், மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றவர்கள். தேர்தல் என்ற பேச்சே அதில் இல்லை. சாசனமும் பத்து வாரம்தான் தாங்கியது. ஆகஸ்டிலேயே போப் மூன்றாம் இன்னசென்ட் அதைச் செல்லாது என்று அறிவித்தார், உள்நாட்டுப் போர் வெடித்தது, அடுத்த ஆண்டு ஜான் இறந்துபோனார்.

செத்த சாசனம் பிழைத்ததற்கு ஒரு சிறுவன் காரணம். ஜானின் மகன் மூன்றாம் ஹென்றிக்கு அப்போது ஒன்பது வயது. கிளர்ச்சிக்காரப் பிரபுக்களை அவன் பக்கம் இழுக்க, காப்பாளர்கள் 1216-ல் சாசனத்தைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார்கள். வரி பற்றிய அந்த 12-ஆம் பிரிவைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள் என்பது வேடிக்கை. என் கணக்கில் 1215-ஐவிட 1225 முக்கியமான ஆண்டு. அந்த ஆண்டு மன்னருக்குப் பணம் தேவைப்பட்டது. அசையும் சொத்துகளில் பதினைந்தில் ஒரு பங்கை வரியாகத் தர ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாகச் சாசனத்தை மறுபடியும் எழுதி வாங்கினார்கள். இந்த உரிமைகளுக்குப் பதிலாகப் பதினைந்தில் ஒரு பங்கு தரப்பட்டது என்று அந்தச் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. 1215-ல் கத்தியை நீட்டி வாங்கியது நிலைக்கவில்லை. பத்தாண்டு கழித்துக் காசு கொடுத்து வாங்கியது நிலைத்தது.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எப்போது வந்தார்கள்? 1265 ஜனவரியில் சைமன் டி மான்ட்ஃபோர்ட் என்ற பிரபு, மன்னரைத் தன் பிடியில் வைத்துக்கொண்டு ஒரு மன்றத்தைக் கூட்டினார். மாவட்டத்துக்கு இரண்டு நைட்டுகளையும் (வீரப்பட்டம் பெற்ற நிலக்கிழார்கள்) நகரங்களிலிருந்து இரண்டிரண்டு பேரையும் அழைத்தார். ஆகஸ்டில் ஈவ்ஷாம் போரில் அவரைக் கொன்றுவிட்டார்கள். ஆனால் அவரைத் தோற்கடித்த இளவரசரே பின்னால் முதலாம் எட்வர்டாகி, 1295-ல் அதே ஏற்பாட்டைத் தாமே செய்தார். மக்களாட்சிப் பற்று எதுவும் அவருக்குக் கிடையாது. அழைப்பாணையில் ஒரு நிபந்தனை போட்டார்: வருகிறவர்கள் தங்கள் ஊருக்காக முடிவெடுக்கும் முழு அதிகாரத்தோடு வர வேண்டும். இங்கே சரி என்று தலையாட்டிவிட்டு, ஊருக்குப் போய் “எங்கள் ஆட்கள் ஒப்புக்கொள்ளவில்லை” என்று கைவிரிக்கக்கூடாது என்பதற்காக. பிரதிநிதி என்ற கருத்து முளைத்த இடம் இது. ஊரைக் கட்டுப்படுத்தும் கையெழுத்து மன்னருக்குத் தேவைப்பட்டது. அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை உண்டு என்பதை ஊர் பிறகுதான் கண்டுகொண்டது.

உறுப்பினராவது அப்போது பெருமை அல்ல, சுமை. போய்வரும் நாட்களுக்கு மாவட்ட நைட்டுக்கு நாளொன்றுக்கு 4 ஷில்லிங்கும் நகரப் பிரதிநிதிக்கு 2 ஷில்லிங்கும் அவரவர் ஊரே படியளக்க வேண்டும். செலவும் கொடுத்து, வரிக்கும் தலையாட்டிவிட்டு வருவதா என்று சில ஊர்கள் எங்களை விட்டுவிடுங்கள் என மன்னரிடம் விலக்குக் கேட்டன. இன்றைக்கு ஒரு தொகுதிக்காக நடக்கும் அடிதடியைப் பார்க்கிறவர்களுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். இது இங்கிலாந்தின் தனிச்சொத்தும் அல்ல. ஸ்பெயினின் லெயோன் அரசில் 1188-லேயே நகரப் பிரதிநிதிகள் மன்னர் கூட்டிய மன்றத்தில் உட்கார்ந்தார்கள். ஆரம்பம் பல இடங்களில் நடந்தது. எங்கே தொடர்ந்தது என்பதுதான் பார்க்க வேண்டியது.

தொடர்ந்ததற்கு ஒரு பழக்கம் காரணம். வரி கேட்டு அழைக்கப்பட்டவர்கள் கையோடு மனுக்களையும் கொண்டுவந்தார்கள்: இந்த அதிகாரி கொள்ளையடிக்கிறான், அந்தப் பாலம் இடிந்து கிடக்கிறது என்ற வகையில். முதலில் குறையைத் தீருங்கள், பிறகு பணம் என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். மனுக்கள் ஒன்றுசேர்ந்து பொதுமனு ஆயின, பொதுமனு மெல்ல மசோதா ஆனது. 1407-ல் நான்காம் ஹென்றி, பண மானியம், இந்த நைட்டுகளும் நகரப் பிரதிநிதிகளும் அமர்ந்த காமன்ஸ் சபையில்தான் முதலில் முடிவாக வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டார். இந்தப் பழக்கத்தின் எச்சத்தை நாம் ஆண்டுதோறும் செய்தியில் பார்க்கிறோம். சட்டமன்றத்தில் ஒவ்வொரு துறை அமைச்சரும் முன்வைப்பதற்கு ‘மானியக் கோரிக்கை’ என்று பெயர். ஆட்சியில் இருப்பவர் கோருகிறார், சபை மானியம் தருகிறது. அதைக் குறைக்கச் சொல்லி உறுப்பினர் கொண்டுவருவது வெட்டுத் தீர்மானம். நம் மக்களவையில் ஒரு குறையைப் பேசுவதற்கென்றே மானியத்தில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம் உண்டு. நூறு ரூபாயில் யாருக்கும் லாபமில்லை. குறையைத் தீர்த்தால்தான் காசு என்ற பழைய பேரத்தின் நிழல் அது. வெள்ளைக்காரன் விட்டுப்போனதில் இதுவும் ஒன்று.

இதை மாணவர்களுக்குப் புரியவைக்க நான் எப்போதும் பக்கத்து வீட்டைக் காட்டுவேன். பிரான்சிலும் குருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பாரின் பொதுமன்றம் இருந்தது. ஆனால் இங்கிலாந்தோடு நடந்த நூறாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், 1439 முதல், அந்நாட்டு மன்னர் ‘தாய்’ என்ற நேரடி வரியை ஒவ்வொரு முறையும் மன்றத்தைக் கேட்காமலே தண்டத் தொடங்கினார். (நம் தாய்க்கும் இந்த வரிக்கும் உறவில்லை.) பிரபுக்கள் பெரும்பாலும் அந்த வரியிலிருந்து விலக்குப் பெற்றிருந்தார்கள், ஆகவே அவர்கள் எதிர்க்கவில்லை. பணம் தானாக வந்ததும் மன்றம் எதற்கு? 1614-க்குப் பிறகு அதைக் கூட்டவே இல்லை. 175 ஆண்டுகள் கழித்து, கருவூலம் திவாலானபோது 1789-ல் கூட்டினார்கள். அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் மகளே சொல்வாள்.

இங்கிலாந்தின் டியூடர் மன்னர்களை வேகமாகக் கடந்துவிடலாம், எட்டாம் ஹென்றியைத் தவிர. மனைவியரின் தலையை வெட்டியவர் என்று பெயரெடுத்த இந்த மனிதர்தான் நாடாளுமன்றத்தை உயர்த்திவிட்டார். ரோமில் இருந்த போப்போடு உறவை முறிக்க அவருக்குத் துணை தேவைப்பட்டது. 1529-ல் கூட்டிய நாடாளுமன்றத்தை ஏழு ஆண்டுகள் வைத்துக்கொண்டு, சட்டத்துக்கு மேல் சட்டமாக நிறைவேற்றித் திருச்சபையின் தலைமையைத் தம் பக்கம் கொண்டுவந்தார். மதத்தையே சட்டம் போட்டு மாற்றலாம் என்றால், அந்தச் சட்டத்தைப் போடும் சபையால் தொட முடியாதது என்ன இருக்கிறது? அவர் தம் வசதிக்குச் செய்தார். விளைவை அனுபவித்தவர்கள் நூறாண்டு கழித்து வந்த ஸ்டூவர்ட் மரபு மன்னர்கள்.

முதலாம் சார்லஸ் 1625-ல் பட்டத்துக்கு வந்தார். புது மன்னருக்குச் சுங்க வரியை ஆயுள் முழுவதற்கும் கொடுப்பது வழக்கம். காமன்ஸ் சபை அவருக்கு மட்டும் ஓராண்டுக்குத்தான் தருவோம் என்றது. சார்லஸ் அனுமதி முழுமையடையாமலே தண்டினார். பணக்காரர்களிடம் கட்டாயக் கடன் வாங்கினார், மறுத்தவர்களைச் சிறையில் போட்டார். 1628-ல், அனுமதியற்ற வரியும் காரணமற்ற சிறையும் கூடாது என்ற உரிமை மனுவை ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு வந்தார், அடுத்த ஆண்டே மீண்டும் முறுகல். 1629 மார்ச் 2 அன்று மன்னர் சபையை ஒத்திவைக்கச் சொன்னார். சபாநாயகர் எழப்போனபோது உறுப்பினர்கள் அவரை நாற்காலியிலேயே அழுத்திப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, சபை அனுமதிக்காத வரியைக் கட்டுகிறவன்கூட நாட்டுக்குத் துரோகி என்று தீர்மானம் போட்டார்கள். அதன்பின் பதினொரு ஆண்டுகள் சார்லஸ் நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை.

அந்தப் பதினொரு ஆண்டுகளை எப்படி ஓட்டினார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் கடலோர ஊர்களிடம் வாங்கும் கப்பல் வரி என்ற பழைய வழக்கத்தைத் தூசி தட்டி எடுத்து, 1635-ல் கடலே பார்க்காத உள்நாட்டு மாவட்டங்களுக்கும் விரித்தார். பிறகு ஆண்டுதோறும் வாங்கினார். ஜான் ஹாம்ப்டன் என்ற செல்வர் தம் ஒரு நிலத்துக்கு விதிக்கப்பட்ட 20 ஷில்லிங்கைக் கட்ட மறுத்து வழக்காடினார். 1638-ல் பன்னிரண்டு நீதிபதிகளில் ஏழு பேர் மன்னர் பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். மன்னர் வென்றார். ஆனால் அவரே அமர்த்திய நீதிபதிகளில் ஐவர் எதிர்த்தார்கள் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது, வசூலும் சரிந்தது. போர் மட்டும் வராமலிருந்தால் சார்லஸ் இப்படியே ஓட்டியிருக்கலாம் என்று கருதும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. எனக்கும் அது நம்பத்தகுந்ததாகவே தோன்றுகிறது.

போரை அவரே வரவழைத்தார். 1637-ல் ஸ்காட்லாந்தின் மேல் ஒரு புதிய வழிபாட்டு நூலைத் திணித்தார். அவர்கள் படை திரட்டினார்கள். 1640 ஏப்ரலில் வேறு வழியின்றி நாடாளுமன்றத்தைக் கூட்டினார். முதலில் குறையைத் தீருங்கள் என்றார்கள் உறுப்பினர்கள், மூன்றே வாரத்தில் மன்னர் சபையைக் கலைத்தார். ஸ்காட்லாந்துப் படை வட இங்கிலாந்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, இறுதி உடன்பாடு வரும்வரை தன் செலவுக்கு நாளொன்றுக்கு 850 பவுண்டு வாங்கியது. அந்தப் பணத்துக்கு எங்கே போவது? நவம்பரில் மறுபடியும் கூட்டினார். வந்தவர்களுக்கு இந்த முறை தங்கள் பலம் தெரிந்திருந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது சபையைக் கூட்டியாக வேண்டும் என்றும், தங்களைத் தங்கள் சம்மதமின்றிக் கலைக்கக்கூடாது என்றும் சட்டம் செய்தார்கள், கப்பல் வரியை ஒழித்தார்கள். 1642 ஜனவரி 4 அன்று சார்லஸ் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு சபைக்குள் நுழைந்து ஐந்து உறுப்பினர்களைத் தேடினார். அவர்கள் முன்பே நழுவிவிட்டார்கள். எங்கே என்று கேட்டதற்குச் சபாநாயகர் லென்தால் மண்டியிட்டு, இந்தச் சபை ஆணையிடுவதைத் தவிர இந்த இடத்தில் பார்க்க எனக்குக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்ற பொருளில் பதில் சொன்னார். பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் நாற்காலியில் அழுத்திப் பிடிக்கப்பட்டவரும் ஒரு சபாநாயகர்தான். அவர் மன்னரின் ஆளாக இருந்தார், இவர் சபையின் ஆள். ஆகஸ்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் தொடங்கியது. தோற்றுப்போன சார்லஸின் தலை 1649 ஜனவரி 30 அன்று விழுந்தது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். மேலே சொன்ன நிகழ்ச்சிகளில் சந்தேகமில்லை. போரின் காரணம் எது என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. மதமே முதன்மை என்பவர்கள் ஒரு பக்கம், வரியும் சட்டமும் என்பவர்கள் இன்னொரு பக்கம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து என்ற மூன்று அரசுகளை ஒரே மன்னர் சமாளிக்க முடியாமல் போனதுதான் என்பவர்களும் இருக்கிறார்கள். நான் பணத்தின் நூலைப் பிடித்துக்கொண்டு கதை சொல்கிறேன். அது சபை ஏன் கூட்டப்பட்டது என்பதை நன்றாக விளக்கும். மனிதர்கள் ஏன் ஒருவரையொருவர் கொல்லத் துணிந்தார்கள் என்பதை அது மட்டுமே விளக்காது.

தலையை வெட்டியதால் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் வந்ததா என்றால், இல்லை. 1653-ல் நாடாளுமன்றப் படையின் தளபதி கிராம்வெல் தம் படைவீரர்களைக் கொண்டு சபையைக் காலி செய்தார். மன்னர் இல்லாவிட்டாலும், படைக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருப்பவர் சபையை வெளியேற்ற முடியும் என்று அந்தத் தலைமுறை தெரிந்துகொண்டது. 1660-ல் மன்னராட்சியையே திரும்பக் கூப்பிட்டார்கள். 1685-ல் இரண்டாம் ஜேம்ஸ் வந்தபோது நாடாளுமன்றம் ஒரு பெரிய தவறு செய்தது. அவருக்கு ஆயுளுக்கும் தாராளமான வருவாயைக் கொடுத்துவிட்டது. வாணிகம் செழித்ததால் சுங்கமும் கொட்டியது. அந்த ஆண்டு நவம்பருக்குப் பின் அவர் சபையைக் கூடவே விடவில்லை. படையைப் பெருக்கினார், சட்டங்களைத் தம் விருப்பப்படி நிறுத்திவைத்தார். 1688 நவம்பரில் அவருடைய மருமகன், ஹாலந்தின் வில்லியம், பெரும் கப்பற்படையோடு வந்து இறங்கினார். ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடினார்.

பாடப்புத்தகம் இதற்கு ‘மகத்தான புரட்சி’ என்று பெயரிட்டு 1689-ன் உரிமைச் சட்டத்தைப் பெரிய எழுத்தில் போடும். அந்தச் சட்டம் முக்கியமானதுதான்: நாடாளுமன்றத்தின் அனுமதி இன்றி வரி இல்லை, சமாதான காலத்தில் படை இல்லை, சட்டத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் மன்னருக்கு இல்லை. ஆனால் இப்படிப்பட்ட வாக்குறுதிகளை 1628-லும் எழுதி வாங்கியிருந்தார்கள், அவை காற்றில் பறந்தன. இந்த முறை வாக்குறுதியைக் காப்பாற்ற வைத்தது வேறு இரண்டு ஏற்பாடுகள். வில்லியமுக்குச் சுங்க வரியை ஆயுளுக்குத் தராமல் நான்கு ஆண்டுகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். படையின் ஒழுங்கைக் காக்கும் சட்டத்தைக் குறுகிய காலத்துக்கு மட்டும் நிறைவேற்றி, அடிக்கடி புதுப்பிக்க வைத்தார்கள். சபையைக் கூட்டாவிட்டால் பணமும் நிற்கும், படையை நடத்தும் சட்டமும் காலாவதியாகும். வில்லியமோ பிரான்சோடு நீண்ட போரில் இறங்கியிருந்தார். 1689-லிருந்து இன்றுவரை நாடாளுமன்றம் கூடாத ஆண்டே கிடையாது. உங்கள் மகளுக்கு ஒரே ஒரு ஆண்டைச் சொல்லச் சொன்னால் நான் 1689-ஐத்தான் சொல்வேன்.

இதிலும் கருத்து வேறுபாடு உண்டு. இது புரட்சியே அல்ல, சிலரின் அழைப்போடு நடந்த டச்சுப் படையெடுப்பு என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கப்பல்களையும் படையையும் பார்த்தால் அதை எளிதில் ஒதுக்க முடியாது. 1694-ல் இங்கிலாந்து வங்கி தோன்றி, 12 லட்சம் பவுண்டை 8 சதவீத வட்டிக்கு அரசுக்குக் கொடுத்தது. மன்னரின் தனிக்கடனைவிட நாடாளுமன்றம் வரியைக் காட்டிப் பொறுப்பேற்ற கடனை மக்கள் நம்பினார்கள், அதனால் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்ட மன்னருக்கு முன்னைவிட அதிகப் பணம் கிடைத்தது என்பது பொருளாதார வரலாற்றில் புகழ்பெற்ற வாதம். வட்டி விகிதம் உடனே அவ்வளவு குறையவில்லை என்று மறுப்பவர்களும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் தன் அளவுக்கு மிஞ்சிய போர்களை நடத்தக் கடன் வாங்க முடிந்தது என்ற அளவில் இரு தரப்பும் ஒத்துப்போகும். விட்டுக்கொடுத்ததில் மன்னருக்கும் லாபம் இருந்தது.

1689-லேயே மன்னர் பொம்மையாகிவிடவில்லை. அமைச்சர்களைத் தேர்ந்தெடுத்தது அவர்தான், பதவிகளை வழங்கியதும் அவர்தான். சட்டத்துக்கு ஒப்புதல் தர மறுத்த கடைசி ஆட்சியாளர் ஆன் அரசி, 1708-ல், ஸ்காட்லாந்துக் குடிப்படை பற்றிய மசோதாவில். அடுத்து வந்த ஜெர்மானியர் முதலாம் ஜார்ஜுக்கு ஆங்கிலம் தெரியாததால்தான் பிரதமர் பதவி தோன்றியது என்று ஒரு கதையை வகுப்பில் நானே பல ஆண்டு சொல்லியிருக்கிறேன். இன்று அதை ஆய்வாளர்கள் பெரிதாக நம்புவதில்லை. அமைச்சர்களோடு பிரெஞ்சில் பேச அவரால் முடிந்தது, ஆங்கிலமும் ஓரளவு கற்றார். முதல் பிரதமர் எனப்படும் வால்போல் 1721 முதல் 21 ஆண்டுகள் நிலைத்தது மன்னரின் நம்பிக்கையும் காமன்ஸ் சபையின் ஓட்டும் இரண்டுமே அவரிடம் இருந்ததால். சம்பளப் பதவிகளை உறுப்பினர்களுக்கு வீசித்தான் மன்னரின் ஆட்கள் சபையை நடத்தினார்கள். 1780 ஏப்ரலில், மன்னரின் செல்வாக்கு வளர்ந்திருக்கிறது, வளர்ந்துகொண்டிருக்கிறது, குறைக்கப்பட வேண்டும் என்ற தீர்மானம் 233-க்கு 215 என நிறைவேறியது. பதவிகளை ஒழிக்க ஒழிக்க அந்தச் செல்வாக்கு கரைந்தது. 1834-ல் நான்காம் வில்லியம் மெல்பர்ன் பிரபுவின் அமைச்சரவையை வீட்டுக்கு அனுப்பி, எதிரணியைச் சேர்ந்த பீல் என்பவரைப் பிரதமராக அமர்த்தினார். தேர்தலில் பீலுக்குப் பெரும்பான்மை வரவில்லை, சில மாதங்களில் மெல்பர்னே திரும்பினார். அதன்பின் எந்த பிரிட்டிஷ் மன்னரும் அந்த விளையாட்டை முயன்று பார்க்கவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ‘தேர்ந்தெடுக்கப்பட்ட’ என்றதும் நாம் வாக்குச்சாவடி வரிசையை நினைத்துக்கொள்கிறோம். ஆள் குடியில்லாத ஓல்டு சாரம் என்ற மேட்டுக்கு 1832 வரை இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஆலைகள் புகைந்த மான்செஸ்டருக்கு ஒருவர்கூட இல்லை. 1832 சீர்திருத்தத்துக்குப் பிறகும் இங்கிலாந்தில் வயதுவந்த ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குத்தான் ஓட்டு. ஆண்களுக்கு 21 வயதில் ஓட்டு வந்தது 1918-ல், பெண்களுக்கு அதே வயதில் வந்தது 1928-ல். மன்னர் தம் அதிகாரத்தை நிலம் வைத்திருந்த சிலரோடு பகிர்ந்துகொண்டார். அந்தச் சிலர் அதை மக்களோடு பகிர்ந்துகொள்ள மேலும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள், அதற்குத் தனிப் போராட்டம் தேவைப்பட்டது. இரண்டையும் ஒன்றாக்கினால்தான் 1215 மக்களாட்சியின் பிறந்தநாளாகத் தெரியும்.

பழைய பேரத்தின் தடம் இன்றும் லண்டனில் கண்ணுக்குத் தெரியும். நாடாளுமன்றத் தொடக்க விழாவில் மன்னர் பிரபுக்கள் சபையில் அமர்ந்து உரை படிப்பார். காமன்ஸ் சபை நடந்துகொண்டிருக்கும்போது 1642-க்குப் பின் எந்த மன்னரும் அதற்குள் நுழைந்ததில்லை. உரையில் இரு சபையினரையும் சேர்த்து விளித்துக்கொண்டே வருபவர், செலவு மதிப்பீடு பற்றிய வரியில் மட்டும் ‘காமன்ஸ் சபை உறுப்பினர்களே’ என்று அவர்களை மட்டும் தனியே அழைப்பார். சாதாரண மசோதாவுக்கு ஒப்புதல் தரும்போது, மன்னர் விரும்புகிறார் என்று பழைய பிரெஞ்சில் ஒரு வாசகம் படிப்பார்கள். பண மசோதாவுக்கு வாசகம் வேறு: மன்னர் தம் நல்ல குடிமக்களுக்கு நன்றி கூறுகிறார், அவர்கள் தரும் கொடையை ஏற்கிறார், அவ்வாறே விரும்புகிறார். நன்றி சொல்வது அந்த ஒரு வகை மசோதாவுக்குத்தான்.

மகளிடம் இதையெல்லாம் சொல்லுங்கள். தேர்வில் மட்டும், புத்தகத்தில் ‘கையெழுத்திட்டார்’ என்று இருந்தால் ‘முத்திரையிட்டார்’ என்று எழுதச் சொல்லுங்கள். எந்த ஆசிரியரும் அதற்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்.